தவறி அழுத்தினாலும்

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாத்தனாருக்கு உலகத்தில் சுற்றமே இருந்திருக்கக் கூடாது. வந்த வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள், சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சொல்லிவிடுவாள். கடிகாரம் முந்துகிறது என்பாள். அவளும் அண்ணியும் கல்யாணம் ஆன நாளிலிருந்தே கீரியும் பாம்பும்தான்.

அண்ணி மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். உதவிக்குத் தன் தங்கையைக் கூப்பிட்டிருப்பதாகக் கணவர் சொன்னதும், கைவலியோடு தலைவலியும் சேர்ந்துகொண்டது.

அண்ணியின் வேலை, கூட்டங்களில் பேசுவதைப் பேசப் பேசத் தட்டச்சு செய்வது. காது கேளாதவர்கள் படிப்பதற்காக அவள் அடிப்பது அப்படியே அரங்கின் திரையில் ஓடும். கட்டுப் பிரித்த பிறகும் வலது விரல்கள் மடங்க மறுத்தன. மேலாளர் நல்ல மனுஷர்தான். ஒரு சின்னக் கூட்டத்தை இடது கையாலேயே செய்து காட்டச் சொன்னார். வேகம் குறைந்தால் பரவாயில்லை, திரை நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். இந்த வேலையை விட்டால் அண்ணிக்கு வேறு தொழில் தெரியாது. அதை விட்டுக்கொடுக்க மனசும் இல்லை.

நாத்தனார் கணினி நிறுவனத்தில் இருப்பவள். உதவிக்கு வந்தவள் அடுப்படிப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து விரல்களையே பார்த்தாள். இதை ஏன் அழுத்துகிறீர்கள், அதற்கு ஏன் மவுஸைத் தேடுகிறீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அண்ணி தட்டச்சு செய்யும் எடிட்டரின் ஷார்ட்கட் விசைகளையெல்லாம் நாத்தனார் கலைத்துப் போட்டு, இடது கைக்கு எட்டும்படி புதிதாக வைத்தாள். பேசுகிறவர் மாறினால் ஒரு விசை, அழித்துத் திருத்த ஒரு விசை, அடிக்கடி வரும் நீண்ட சொற்களுக்கு இரண்டிரண்டு எழுத்து. மவுஸுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரே ஒரு சனி மட்டும் விடவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் சேவ் செய்வது அண்ணியின் பழக்கம். அதற்குக் கன்ட்ரோலும் எஸ்ஸும். விரல் வேகத்தில் மேலே வழுக்கி டபிள்யூவில் விழுந்துவிடும். அது கோப்பை மூடும் விசை. சேவ் செய்யவா வேண்டாமா என்று ஒரு பெட்டி எழும்பும். ஓடுகிற கை நிற்குமா? அடுத்த எழுத்து அந்தப் பெட்டிக்குள் விழும், 'வேண்டாம்' என்று அதற்கு அர்த்தமாகிவிடும், திரை துடைத்துவிட்டது போலாகிவிடும். புது விசைகளில் பழகிய முதல் நாள் மூன்று தரம் இப்படி ஆயிற்று. நாத்தனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு தரமும் ஆகவில்லை. கை பழகிவிட்டது என்று அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

கூட்டத்தன்று மேலாளர் பக்கத்திலேயே நின்றார். முதல் வரிசையில் ஒரு பெரியவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டிருந்தார். பாதிக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாக்குவாதம் செய்ய, அண்ணியின் விரல் பறந்தது. சேவ் என்று அழுத்திய கையோடு குனிந்து பார்த்தாள். மோதிர விரல் டபிள்யூவின் மேல் இருந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தொலைந்தது வேலை என்று நிமிர்ந்தாள்.

திரை நிற்கவில்லை. பெட்டி எதுவும் எழும்பவில்லை. எழுத்துகள் அப்படியே இருந்தன, கீழ் ஓரத்தில் 'சேவ் ஆகிவிட்டது' என்ற சின்ன வரியோடு. அடுத்த வாக்கியத்தை அடித்து, வேண்டுமென்றே டபிள்யூவையே அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் சேவ் ஆயிற்று. விஷயம் புரிந்ததும் எழுத்துகள் கண்ணில் கலங்கின. கை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் அவளைப் பார்த்துக் கை உயர்த்தினார். அடுத்த வாரத்திலிருந்து வந்துவிடும்படி மேலாளர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டபிள்யூவையும் சேவ்னு மாத்தி வச்சியா?"

"ஆமா அண்ணி. உங்க விரல் அங்கதான் போய் விழுது. அதைத் திருத்த நாள் பத்தாது. அதான் கீயைத் திருத்திட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதையே நினைச்சுக்கிட்டு பயந்து பயந்து அடிப்பீங்க. தப்பு வரலைன்னு நினைச்சதாலதான் இவ்வளவு வேகம் வந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்துச் சொல்லாமல் விட்ட ஒரே குற்றம் அதுதான். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னாலதான் எனக்கு இன்னைக்கு வேலை இருக்கு. இதை நான் மறக்கமாட்டேன்."

நாத்தனாருக்கு இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. பெட்டியின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அண்ணி அந்தப் பெட்டியைத் தூக்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள்.

"இந்த வீட்டுல இன்னும் என்னென்ன குத்தம் இருக்கு? சொல்லு, கேக்கறேன்."

நாத்தனார் சமையலறைக் குழாயிலிருந்து ஆரம்பித்தாள்.