பழைய கர்னலுக்கு பூட்

பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. சிறுசேரி கம்பெனி. இதுவும் போனால் அம்மா என் பெயரை மறுபடியும் சர்ச்சில் ஜெப விண்ணப்பத்துக்குக் கொடுத்துவிடுவாள். அந்த அவமானத்தை இனி என்னால் தாங்க முடியாது. பாழாய்ப்போன லேப்டாப்போ, லினக்ஸை அப்டேட் செய்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

கோவிலம்பாக்கத்திலிருக்கும் சித்தி பையன் ஃபிரெடிக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அவன் கூப்பிட்டபோது போனை எடுத்தது அம்மா.

"பெரியம்மா, புது கர்னல் வந்ததாலதான் சவுண்ட் போயிருக்கு. டிரைவரை நான் சாயங்காலம் வந்து மாத்துறேன். இப்போதைக்கு ஜோசலினை பழைய கர்னல்ல பூட் போடச் சொல்லுங்க, சத்தம் வந்துடும்."

அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் அஸ்தினாபுரம் அபார்ட்மென்டில் ரிட்டயர்டான கர்னல்கள் இரண்டு பேர். ஆபேல் அங்கிள் அசோசியேஷன் பிரசிடென்டாக இருந்தவரை மொட்டை மாடியில் ஒரே பாட்டும் கூத்தும்தான். புது பிரசிடென்ட் கர்னல் ஜெயவேலு வந்ததும் ஸ்பீக்கருக்கே தடை போட்டுவிட்டார்.

குளித்துவிட்டு வந்தால் ஹாலில் டக், டக் என்று சத்தம். ஆபேல் அங்கிள். இடுப்பில் லுங்கி, காலில் பளபளவென்று பூட்ஸ்.

"ஃபிரெடிதான்டி பழைய கர்னலுக்கு பூட் போடச் சொன்னான், சத்தம் வந்துடுமாம்" என்றாள் அம்மா.

"நீ கவலைப்படாதேம்மா. ஜெயவேலுவை நான் பார்த்துக்கறேன்" என்றார் அங்கிள்.

"ஐயோ அம்மா! மானத்தை வாங்குறியே! அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கர்னல்மா, சாஃப்ட்வேர்!"

கத்தும்போதே ஃபிரெடி சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். 'டிங்' என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் இன்டர்வியூவும் தொடங்கிவிட்டது.

"பின்னாடி யாரும்மா நிக்கறது? பதில் சொல்லித் தர்றாரா?" என்றார் திரையில் வந்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

திரும்பிப் பார்த்தேன். அட்டென்ஷனில் ஆபேல் அங்கிள். போச்சுடா!

"சார், அப்டேட்ல சவுண்ட் டிரைவர் போயிடுச்சு. பழைய கர்னல்ல பூட் போடச் சொன்னாங்க. எங்கம்மா..." லேப்டாப்பைச் சாய்த்து அங்கிளின் காலைக் காட்டினேன். "பழைய கர்னலுக்கே பூட் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமானது. அப்புறம் கேட்டதற்கெல்லாம் பயமில்லாமல் பதில் சொன்னேன். சாயங்காலமே வேலையில் சேரச் சொல்லி போன் வந்துவிட்டது.

ஃபிரெடியும் வந்து, கெட்டுப்போன டிரைவரைத் தூக்கிவிட்டு வேறு போட்டான். "இப்ப புது கர்னல்லயும் சத்தம் கணீர்னு வருது" என்றான்.

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்பாடா! ஜெயவேலு சார் ஒத்துக்கிட்டாரா?"