கொப்பரைக்குள் இருந்த இடம்

ரொசெந்தோ பல்தெயோன் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மேசையில் இருந்தவர்கள் இவர்கள்: சார்மியெந்தோ குடும்பத்தில் மூத்தவனான எஃப்ரேன் என்கிற நான், என் தங்கை தர்ஹேலியா, காலஞ்சென்ற என் தம்பியின் மகள் நூபே, அவளுடைய எட்டு வயது மகள் தாமரிஸ். நூபேயின் கணவன் க்ளெவர் நியூயார்க்கில் இருந்தான். ஆனால் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன் திரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததால், அவனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்று அங்கே இருந்ததாக எங்கள் ஊரான குவென்காவில் இப்போது பலர் சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்கள் பட்டறையில் செம்புக் கொப்பரைகள் செய்கிறோம். பழப்பாகு காய்ச்சவும் பன்றிக்கறி வறுக்கவும் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. நூபே அவற்றை இணையத்தில் வெளிநாட்டாருக்கு விற்று வந்தாள். கடையின் பெயர் சார்மியெந்தோ. ஏற்றுமதித் தாள்களில் இருப்பது நூபேயின் கையெழுத்து. சரக்கைப் பற்றி எவரும் ஒரு குறை சொன்னதில்லை. புகார் வந்தால் அது அனுப்பும் செலவைப் பற்றித்தான் இருக்கும். கூரியர்காரர்கள் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, பெட்டியின் பருமனுக்கும் வாங்குகிறார்கள். கொப்பரையின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கும் நாங்கள் கட்டணம் கட்டினோம். அதைக் கனடாக்காரனுக்கும் ஜெர்மன்காரிக்கும் எழுதிப் புரியவைப்பது நூபேயின் அன்றாட வேலை.

பிப்ரவரியில் பெல்ஜியத்திலிருந்து மூன்று புகார்கள் வரிசையாக வந்தன. மூவரும் கொப்பரை வாங்கவில்லை, ஆளுக்கு ஒரு செம்புக் கரண்டிதான் வாங்கியிருந்தார்கள்.

“‘சார்மியெந்தோ ஒரு கொள்ளைக்கூட்டம். கரண்டி பன்னிரண்டு டாலர், அதை அனுப்ப நாற்பத்தெட்டு’ன்னு போட்டிருக்கான், பெரியப்பா,” என்று நூபே படித்துக் காட்டினாள்.

“பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவனுக்கு அது தெரியாதா?”

“தெரியும். பார்த்து, ஒத்துக்கிட்டுதான் கட்டினான்.”

“அப்போ கழுதை மேல ஏறி நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லு,” என்றாள் தர்ஹேலியா. “வந்தா வேகவச்ச சோளம் ஒரு தட்டு போடுறேன். கன்னத்துல ரெண்டும் போடுறேன்.”

நான் ஒரு பதில் சொல்லி எழுதச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் ஒரு காசு திருடியதில்லை என்றும், வார்த்தையைத் திரும்பப் பெறாவிட்டால் அவர் மரியாதையற்றவர் என்றும் சொன்னேன். நூபே எழுதி அனுப்பியது: ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ நாங்கள் எதற்கும் வருந்தவில்லை.

இன்னொரு புகார் வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று அந்த இணையதளத்தார் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை வந்த மறுநாளே பல்தெயோன் போன் செய்தான். தான் சரக்குப் போக்குவரத்து செய்வதாகவும், எங்கள் சங்கடத்தைக் கேள்விப்பட்டதாகவும் சொன்னான்.

ஞாயிறன்று வந்தபோது வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். தர்ஹேலியாவுக்கு ஒரு பெட்டி இனிப்பு ரொட்டி கொண்டுவந்தான். சுட்ட கினிப்பன்றியைக் கையால் பிய்த்து, முறையாகச் சாப்பிட்டான். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த கொப்பரைகளில் ஒன்றுக்குள் கையை விட்டுத் துழாவினான்.

“நீங்க காற்றை அனுப்பிட்டு இருக்கீங்க, தோன் எஃப்ரேன். இவ்வளவு நல்ல இடத்தை வீணாக்கலாமா?” ‘தோன்’ என்பது எங்கள் பக்கத்து ‘ஐயா’.

குவாயாகில் துறைமுகத்திலிருந்து தன் கப்பல் சரக்கோடு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அனுப்புவதாகவும், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பிரித்துவிடுவதாகவும், மூன்றில் ஒரு பங்கு செலவுதான் ஆகும் என்றும் சொன்னான்.

“இவர் யாரு மாமா? யார் மூலமா வந்தார்?” என்று திரையிலிருந்து க்ளெவர் கேட்டான்.

பல்தெயோன் சர்க்கரை டப்பாவின் பக்கம் குனிந்தான். “வணக்கம் க்ளெவர். இன்னும் அந்தச் சலவைக்கடைக்கு மேல் மாடியிலதான் குடியிருக்கீங்களா? சத்தம் தூங்கவிடுதா?”

க்ளெவர் அதன் பிறகு பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்றாள் தர்ஹேலியா. ஆனால் திரையில் அவன் கண் இமைப்பதை நான் பார்த்தேன்.

மார்ச்சில் முதல் சரக்கு போனது. பெட்டியை மூடும் நாளில் பல்தெயோன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. “ஆன்ட்வெர்ப்ல இருக்கிற என் ஞானமகனுக்கு. வறுத்த சோளம், வாற்கோதுமை மாவு, கொஞ்சம் வெல்லம். பையன் ஊர் ருசிக்கு ஏங்குறான்” என்றான்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போகிறவர்கள் கையில் எல்லோரும் பொட்டலம் கொடுத்துவிடுகிறோம். அதை வாங்க மறுப்பதும் அவிழ்த்துப் பார்ப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டும் கொடுத்தவனைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. தர்ஹேலியா அந்தப் பொட்டலத்தின் மேல் சிலுவை அடையாளம் போட்டு, பெரிய கொப்பரையின் வயிற்றில் வைத்தாள். வேறு எந்த வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த வாரமே மூன்று புகார்களும் மறைந்தன. எழுதியவர்களே அழித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன், ‘நேர்மையான குடும்பம்’ என்று புதிதாக எழுதியிருந்தான்.

ஏப்ரலில் வந்த பொட்டலத்தைத் தர்ஹேலியாவால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. மே மாதம் மூன்று பொட்டலங்கள் வந்தன, கொப்பரைக்கு ஒன்றாக. “ஞானமகன் நல்லாவே சாப்பிடுறான்” என்று பல்தெயோன் சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று சொல்லிப் போனான்.

மறுநாள் நூபே பட்டறைக்கு வந்தாள். “கதவைச் சாத்துங்க, பெரியப்பா.”

பல்தெயோனின் சரக்கு ஆன்ட்வெர்ப்பில் இறங்கும் கிடங்கின் முகவரியை அவள் அன்றுதான் முதல்முறை முழுதாகப் படித்திருக்கிறாள். அதை எங்கோ பார்த்த நினைவு வந்து, பழைய விற்பனைகளைத் தேடியிருக்கிறாள். கரண்டி வாங்கிய மூவரின் பெயர்களும் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் முகவரி அதே தெரு, அதே கிடங்கு.

“நம்மளத் திருடன்னு எழுத வச்சது அவன்தான்,” என்றாள். “கடை மூடுற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டு, காப்பாத்துற மாதிரி உள்ள நுழைஞ்சிருக்கான்.”

தர்ஹேலியா கத்தரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “பிரிச்சுப் பார்த்துடலாம். சோளம்னா சோளம்.”

“வேண்டாம்,” என்றேன்.

“மரியாதை பாக்குற நேரமா அண்ணே இது?”

“சோளமா இல்லேன்னா என்ன செய்வே? தச்சு திரும்ப வைப்பியா? பார்த்துட்டா பார்த்தவங்களா ஆயிடுவோம். அப்புறம் அவன் நம்மள விடமாட்டான்.”

நூபே நின்றுகொண்டே இருந்தாள். “கப்பல்ல பிடிச்சா தாள்ல இருக்கிறது என் கையெழுத்து, பெரியப்பா. நான் உள்ள போயிட்டா தாமரிஸை யார் பார்த்துப்பாங்க?”

அதற்குமேல் யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. பல்தெயோனுக்குப் போன் செய்து, இனி உங்கள் கப்பலில் எங்கள் சரக்கு வராது என்றேன். அவன் கோபப்படவில்லை.

“உங்க விருப்பம், தோன் எஃப்ரேன். அப்புறம், தாமரிஸ் பள்ளிக்கூடம் விட்டு ஆத்தங்கரை வழியா வர்றா. சிவப்பு ரிப்பன் அவளுக்கு அழகா இருக்கு. ஆனா அந்தக் கரை வழுக்கும். தனியா விடாதீங்க.”

அன்றிலிருந்து தாமரிஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி வந்தது, வெறும் வண்டியாகத் திரும்பியது.

ஞாயிறன்று திருப்பலி முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தபோது, பல்தெயோன் கோயில் சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பாலிஷ் போடும் பையனிடம் ஷூவை நீட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தான். பட்டறைக்குப் போய், மூன்று பொட்டலங்களையும் பெரிய கொப்பரையில் வைத்து, ஒரு காதை நானும் மறு காதைத் தர்ஹேலியாவும் பிடித்துச் சதுக்கத்தின் நடுவே தூக்கி வந்தோம்.

“என்ன தோன் எஃப்ரேன், பாதிரியாருக்குப் பாகு காய்ச்சப் போறீங்களா?” என்று பூக்காரி கத்தினாள்.

“அவருக்கு இல்ல, இவருக்கு,” என்றாள் தர்ஹேலியா. “இனிப்பு ரொம்பப் பிடிக்குமாம்.”

கொப்பரையை அவன் காலடியில் வைத்தோம். எல்லோருக்கும் கேட்கும்படி நான் பேசினேன்.

“தோன் ரொசெந்தோ பல்தெயோன், நீங்க எங்ககிட்ட ஒப்படைச்ச மூணு பொட்டலம். கட்டு அவிழல, தையல் பிரியல. வாங்கிக்குங்க. எங்க குடும்பம் இனிமே உங்களுக்காக எதையும் சுமக்காது.”

ஒப்படைத்த பொட்டலத்தைப் பொது இடத்தில் திருப்பிக் கொடுத்தால் எங்களவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் பேட்டையில் இனி எவரும் அவன் கையிலிருந்து ஒரு கடுதாசி கூட வாங்கமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்: அவன் முகமும் பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பல்தெயோன் ஒரு காலைப் பாலிஷ் பெட்டியின் மேல் வைத்தபடியே பார்த்தான். “கொப்பரையும் சேர்த்தா?”

“கொப்பரை விற்பனைக்கு. அறுபது டாலர்.”

பணத்தை எடுத்துக் கொடுத்தான். “அனுப்பும் செலவு?”

“இல்ல. நீங்கதான் நேர்லயே வந்துட்டீங்களே.”

ஜனம் சிரித்தது. அவனும் சிரித்தான், எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம். பிறகு எழுந்து, கைகுலுக்குவது போல என்னை அருகே இழுத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

“அனுப்பும் செலவு இல்லாம ஒண்ணும் போய்ச் சேராது, பெரியவரே. பில்லு பின்னால வரும்.”

மறுநாள் மதியம் நூபேயையும் தாமரிஸையும் பேருந்தில் ஏற்றிவிட்டேன். குழந்தையின் சடையை வெட்டி, தலையில் தொப்பி போட்டிருந்தோம். அவள் அழவில்லை, தொப்பி அரிக்கிறது என்று மட்டும் சொன்னாள். நூபே பேருந்தில் இருந்தபடியே இணையக் கடையை மூடினாள். எந்த ஊருக்குப் போனார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தர்ஹேலியாவிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமையிலிருந்து க்ளெவரின் எண் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. எங்கள் பட்டறைக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மரியாதையான பிள்ளைகள், வணக்கம் சொல்கிறார்கள். நேற்று அவர்களில் ஒருவன் உள்ளே வந்து, மிகச் சிறிய கொப்பரை ஒன்றை எடுத்து, அதற்குள் கையை விட்டுப் பார்த்தான்.

“இதை வெளியூருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் ஐயா?” என்று கேட்டான்.

“எந்த ஊருக்கு?”

“நீங்கதான் சொல்லணும்,” என்றான்.

நான் சுத்தியலை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். அவன் கொப்பரையை எடுத்த இடத்திலேயே, தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பட்டறையை வழக்கமான நேரத்துக்குத் திறக்கிறேன், வழக்கமான நேரத்துக்குச் சாத்துகிறேன். ஒரு சார்மியெந்தோ கதவை முன்னதாகச் சாத்தினான் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

நூபே போலீஸுக்குப் பயந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் மூன்று முறை கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை.