தொண்ணூற்றாறு கண்ணிகள்

கையகலப் போர் டாங்கி பொம்மையின் சக்கரங்களைச் சுற்றி மாட்டுவதற்கென்று தனியாக வாங்கிய உலோகச் சங்கிலி அது. பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணிகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு, ஒரு முனை மட்டும் கூராக. குமாஸ்தா இடப்பக்கத்தை முடித்து, டாங்கியைத் திருப்பி வைத்து, வலப்பக்கம் கோக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி, ஒரு சொட்டுப் பசை. பொம்மைப் போட்டிக்கு இரண்டே மணி நேரம்தான் இருந்தது.

எதிரே துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி, “என்னங்க, அது...” என்று ஆரம்பித்தாள்.

“வாயைத் திறந்தே, தெரியும் சேதி! கை நடுங்கினா என் கதை கந்தல்” என்று எரிந்து விழுந்தார்.

அவள் தையலுக்குத் திரும்பினாள். கடைசி ஊசியைச் செருகும்போது அவருக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. ஒருவழியாகப் பொருந்தியது. பெருமையோடு டாங்கியைத் தூக்கி மேலிருந்து பார்த்தார். இடப்பக்கக் கண்ணிகளின் கூர்முனைகள் முன்னே பார்த்தன. வலப்பக்கத்தில் அத்தனையும் பின்னே பார்த்தன. பொம்மையைத் திருப்பியவர் கண்ணிகளைத் திருப்ப மறந்திருந்தார்.

“நீயாவது பாத்திருக்கக் கூடாதா?”

“இப்ப வாயைத் திறக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “மொதல் கண்ணியிலேயே பாத்துட்டேன்.”