பதினேழாம் எண் தலையணை உறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்திலிருந்து கிடைத்தது. இங்கே மட்டாஞ்சேரியில், ஒரு கலை மையத்தின் மேசையில் கிடந்தது. டீ ஆறுவதற்குள் படித்துவிட்டேன். படித்திருக்க வேண்டாம்.

முதலில் இப்படி எழுதினேன்: "மழைக்கு முந்தைய வாரங்களில் ஸெலின் எப்போதும்..." வேண்டாம். மழை என்றதும் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். லாப நோக்கமில்லாத அந்த மையத்தின் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவள் ஸெலின். ஆள் அவள் ஒருத்திதான். சேகரிப்பில் ஒரு படைப்பு: கடலுக்குப் போய்த் திரும்பாத இருபத்திரண்டு பேரின் தலையணை உறைகள், துவைக்காதவை. எண்ணெய்க்கறையும் வியர்வையும்தான் படைப்பே. (ஓவியம் எங்கே என்று நானும் கேட்டவள்தான்.)

2

வருடா வருடம் மழைக்கு முன் நிலை அறிக்கை எழுத வேண்டும். கிழிசல் உண்டா, பூஞ்சை உண்டா, கறை உண்டா. கண்ணில் பட்டதை எழுதினாள் ஸெலின். 'கறை: உண்டு.' இருபத்திரண்டு முறை. இந்த வருடம் பூஞ்சை எடுக்க வெளியூர்ப் பராமரிப்புக்கூடத்துக்கு உறைகள் போனபோது அந்தப் படிவமும் கூடவே போனது. அவர்கள் நல்ல வேலைக்காரர்கள். படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், கறையையும்.

(இந்த இடத்தில் ஸெலினை நான் நம்பவில்லை. பதினோரு வருட அனுபவம்; 'கறையைத் தொடாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்க மாட்டாளா? எத்தனை தரம் திருத்தி எழுதினாலும் சேர்க்காமலே கையெழுத்துப் போடுகிறாள்.)

3

பதினேழாம் உறை நிஸ்தாருடையது. அவன் தாய் ஸைனபா, அவன் போன தேதியில் வருடம் ஒருமுறை வருவாள். விதியை மீறி ஸெலின் உறையை அவள் கையில் கொடுப்பாள். முகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போவாள்.

"என்ன மோளே, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? உள்ள விடமாட்டியா?"

"உக்காருங்க உம்மா. டீ சொல்றேன்."

"டீ குடிக்கவா படகேறி வந்தேன்? எடு அவனை."

"இந்த வருசம் வேண்டாமே உம்மா."

"ஏன், எம்புள்ள உங்களுக்கு அலுத்துப்போயிட்டானா?"

ஸெலின் பெட்டியைத் திறந்தாள். ஸைனபா உறையை முகத்தில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"வேற யாரோடதையோ குடுத்திருக்க. சோப்பு வாசன அடிக்குது. நல்லாத் தேடிப் பாரு, கண்ணு."

4

முடிவு ஒன்று: ஸெலின் உண்மையைச் சொல்கிறாள். ஸைனபா கத்தினால் எனக்குச் சுலபம். அவள் கத்துகிறவள் இல்லை. உறையை நாலாக மடித்து, "உம்மேல தப்பில்ல மோளே" என்று... இதை என்னால் எழுத முடியாது.

முடிவு இரண்டு: அவனுடையது கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்று பொய். அப்படியென்றால் அடுத்த வருடமும் படகேறி வருவாள்.

முடிவு மூன்று: உறைகளைச் சேர்த்துப் படைப்பாக்கிய கலைஞர் வந்து, இந்த வெள்ளையும் படைப்பின் ஒரு பகுதியே என்று பேசுகிறார். எல்லோரும் கை தட்டு... அழித்துவிட்டேன்.

5

ஸைனபா இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பெட்டியில் மீதி இருபத்தொன்று இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பாள். ஸெலினுக்குக் கை வரவில்லை, எனக்கும்தான். நீங்கள் கொடுங்கள்.