கருகினால்தான் ருசி

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அழுக்குத் துணிகளை மெஷினில் போட்டான். அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காலிங் பெல் அடித்தது.

மச்சினன். கையில் ஒரு பை.

"எங்க வீட்ல ஓவன் இல்ல மாமா. இன்னிக்கு அக்கா பொறந்தநாள். அவ பண்ற சாக்லேட் தட்டு பண்ணிடலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வழிவிட்டான்.

மனைவி இறந்த பிறகு அந்த ஓவனை அவன் தொட்டதில்லை. மச்சினனோ தன் வீட்டு அலமாரியைப் போல அதைத் திறந்தான். வெண்ணெய் எங்கே, உருட்டுக்கட்டை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிஸ்கட்டுகளைத் துணியில் முடிந்து நொறுக்கினான் மச்சினன். உருக்கிய வெண்ணெயில் பிசைந்து தட்டில் அழுத்தி ஓவனுக்குள் வைத்தான். வெந்து வந்ததும் சூட்டோடு சாக்லேட் துண்டுகளைப் பரப்பினான். அவை இளக இளக, மேலே மார்ஷ்மெல்லோக்களை, அந்தப் பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாய்களை, நெருக்கி அடுக்கி மறுபடி உள்ளே தள்ளினான்.

"ஸ்கூல் கேம்ப்ல தீ மூட்டி, இந்த மிட்டாயக் குச்சில குத்தி வாட்டுவோம் மாமா. அந்த ருசி வீட்லயும் வேணும்னுதான் அக்கா இதக் கண்டுபிடிச்சா."

"தெரியும்," என்றான். தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போன மதியம் இவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். பக்கத்தில் இருந்தவன் மச்சினன். 'பாத்துக்கோடா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா என்று எல்லோரிடமும் சொன்னான். அத்தைமார்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கொடுத்துவைத்தவன் என்றார்கள். இவனைப் பார்த்துப் பாவம் என்றார்கள்.

மார்ஷ்மெல்லோக்கள் உப்பிப் பொன்னிறமாயின.

"எடு. ஆயிடுச்சு."

"இன்னும் கருகணும் மாமா."

"அவ இப்படித்தான் எடுப்பா. கல்யாணமானதுலேர்ந்து பாக்கறேன்."

"அது உங்களுக்காக. அவளுக்குக் கரிக்கட்டை மாதிரி இருந்தாத்தான் எறங்கும்."

"ஆமாடா, எல்லாம் உனக்குத்தான் தெரியும். போறப்பவும் உன்கிட்டதானே பேசினா!"

மச்சினன் கைத்துணியை மேடையில் வைத்தான்.

"அது பொய் மாமா."

"எது?"

"'பாத்துக்கோடா'ன்னு அவ சொல்லல. நானா இட்டுக்கட்டினேன். பொறந்ததுலேர்ந்து என்னை 'டா' போடாம கூப்பிட்டிருக்காளா? அன்னிக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டு 'ங்க' போட்டுப் பேசினா. கண் தொறக்கல. நீங்கன்னே நெனச்சுட்டா. நானும் 'ம்'னு சொல்லி வெச்சேன். ராப்பகலா கூடவே கெடந்தேன் மாமா. எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. வயிறு எரிஞ்சுது. அதான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

ஓரங்கள் கருகிப் புகை வந்தது. இருவரும் அசையவில்லை.

"என்னடா சொன்னா?"

மச்சினன் மூக்கை உறிஞ்சினான்.

"'ஏங்க, உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? ஃபேனக் கொறைங்க.'"