பதினேழாம் எண் வீட்டுத் தூசி

மலைக் கிராமமான வெள்ளக்கடையில் பதினேழாம் எண் வீட்டுக்குப் பவித்ரா மூன்றாவது முறையாகப் போனபோதும் தரை ஈரமாகத்தான் இருந்தது. வாசலிலேயே பினாயில் வாடை அடித்தது. தோளில் தொங்கிய தூசி உறிஞ்சும் மெஷினை இறக்கி வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஐந்து நாளைக்குக் கூட்டவும் கூடாது, துடைக்கவும் கூடாது என்று போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்கு முந்தைய தடவையும் சொன்னாள். இரண்டு தடவையும் வீட்டுக்காரி காளியாயி "சரிங்க" என்று தலையாட்டினாள். சரி என்று சொன்னது வந்தவளுக்குக் காட்டிய மரியாதை. விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டதும் அதே மரியாதைதான் என்பது பவித்ராவுக்கு இப்போதுதான் உறைத்தது.

வேலை என்னவோ எளிதுதான். மலையில் நாற்பது வீடு, கீழே சேலத்து அடுக்குமாடிகளில் நாற்பது வீடு. எல்லாம் சின்னக் குழந்தை இருக்கும் வீடுகள். தரையில் இரண்டு நிமிடம் மெஷினை ஓட்டி, தூசியை வெள்ளைப் பையில் பிடித்து, எண் ஒட்டி அனுப்ப வேண்டும். மண்ணிலும் மாட்டோடும் புரண்டு வளரும் குழந்தையின் உடம்பு சின்னதிலேயே கிருமிகளோடு பழகிக்கொள்கிறது, அதனால் பிற்பாடு பூவையும் தூசியையும் பார்த்துப் பகையாளி என்று பாய்வதில்லை, இழுப்பும் அரிப்பும் குறைவு என்று வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்களாம். இந்த மலையிலும் அப்படித்தானா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. வெள்ளக்கடைப் பைகளை எடை போட்டுவிட்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா போன் செய்தார். அடுக்குமாடித் தூசியில் பாதிகூட இங்கே இல்லையாம். சேலத்துக்காரர்களைவிட மலைக்காரர்கள் சுத்தம் என்று எழுதி முடித்துவிடலாமா என்று கேட்டு அவரே சிரித்தார். பவித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பளத்தைத் தாண்டி அவளுக்கு இதில் ஒரு காரணம் இருந்தது. மூத்தவள் சிவசக்திக்கு ஏழு வயது. அவள் பிறந்ததிலிருந்து கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான், டெட்டாலில் அலசிய துணிதான். தூக்க வந்த சொந்தக்காரர்களை எல்லாம் கை கழுவச் சொல்லிப் பவித்ரா கெட்ட பெயர் வாங்கினாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் கணவன் சத்யராஜ் குளித்துவிட்டு வந்தால்தான் பிள்ளை கைக்கு வரும். அப்படி வளர்ந்தவளுக்கு இரண்டரை வயதில் இழுப்பு வந்தது. முழங்கை மடிப்பெல்லாம் சொறிந்து சொறிந்து புண். இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது. இரண்டாவது மகள் மலர், ஏழு மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். நான் செய்ததால்தான் மூத்தவளுக்கு வந்ததா என்று பவித்ரா ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டாள். அப்படிச் சொல்ல முடியாது, பரம்பரை இருக்கிறது, புகை இருக்கிறது, நம் முடிவு வரவே மூன்று வருஷம் ஆகும் என்றார் டாக்டரம்மா. முதல் வருஷம்தான் முக்கியம் என்று அதே டாக்டரம்மா வேறு யாரிடமோ சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள். மலரின் முதல் வருஷத்தில் ஐந்து மாதம் மீதி இருந்தது. ஆராய்ச்சி மெதுவாக நடக்கலாம், பிள்ளை வளராமல் நிற்குமா?

காளியாயி காப்பி கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயதிருக்கும். தரை ஏன் ஈரம் என்று கேட்காமலே அவளாகப் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, எங்கூட்டு அழுக்கப் பையில போட்டு, நெம்பர் ஒட்டி, சேலத்துல கொண்டு போயி வெப்பீங்க. நாலு பேரு பாப்பாங்கல்லங்க?"

யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பெயர்கூட இருக்காது என்று பவித்ரா சொன்னாள். காளியாயி நம்பிய மாதிரி தெரியவில்லை. அவளுடைய மூன்று வயது மகள் ராணி ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகவில்லை, மூச்சு இரையவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பவித்ராவுக்குப் பொறாமையாக இருந்தது. காப்பியைக் குடித்து முடித்ததும், வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைக் கேட்டாள். மாட்டுக்கொட்டாயில் ஒரு பை தூசி எடுத்துக்கொள்ளட்டுமா? ஆராய்ச்சிக்கு இல்லை, எனக்கு. மூத்தவளைப் பற்றிச் சொன்னாள், சின்னவளைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது.

காளியாயி டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கொட்டாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். ராணிக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். அப்போது வீட்டுக்குச் சிமெண்டுத் தரை கிடையாது, கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் சுவரும் கிடையாது. அவன் மாட்டுக் காலடியில்தான் தவழ்ந்தான். ஒன்பதாம் மாதம் வயிற்றால் போக ஆரம்பித்தது. மழை நாள், மரம் விழுந்து பஸ் வரவில்லை. நடந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் அவள் நடையை நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவசரப்பட ஒன்றும் இல்லை. பினாயில் வாங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

பவித்ரா கையிலிருந்த காலிப் பையை மடித்தாள்.

"பையில கொண்டு போயி என்னங்க பண்ணுவீங்க? புள்ள மேல கொட்டுவீங்களா?" என்றாள் காளியாயி.

தொட்டில் துணிக்கடியில் தூவுவதாகத்தான் பவித்ரா நினைத்து வைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்கூட்டுக் கொட்டாய்ல இருந்து நான் எடுத்துக் குடுக்க மாட்டனுங்க. வேணும்னா புள்ளயத் தூக்கிட்டு வாங்க. உங்க கையால நீங்களே எறக்கி உடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையோடு சேர்வராயன் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சத்யராஜிடம் சொல்லிவிட்டுப் பவித்ரா ஸ்கூட்டியை எடுத்தாள். மலரைத் துப்பட்டாவால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். கோயில் பாதை பிரியும் இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு வெள்ளக்கடைப் பக்கம் திருப்பினாள்.

காளியாயி கொட்டாய் வாசலில் நின்றிருந்தாள். இன்றைக்குக் கூட்டியிருக்கவில்லை. சாணமும் புல்லும் மிதிபட்டுக் கிடந்தன. பவித்ரா துப்பட்டாவை அவிழ்த்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். இறக்கிவிடக் குனிந்தாள். பாதி குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். மறுபடியும் குனிந்தாள், மறுபடியும் நிமிர்ந்தாள். காளியாயி விடுங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மலருக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. கட்டியிருந்த கன்றைப் பார்த்துக் காலை உதைத்து உதைத்துக் கத்தினாள்.

கன்று கயிறு எட்டும்வரை வந்தது. தொங்கிய பிஞ்சுக் காலை மோந்து பார்த்துவிட்டு, பாதத்திலிருந்து முழங்கால்வரை ஒரே நக்காக நக்கியது. மலர் மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு கலகலவென்று சிரித்தாள்.

காளியாயி விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்புக் கட்டியும் கொண்டுவந்து தனக்கும் பவித்ராவுக்கும் நடுவில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டாள். பிள்ளையின் காலில் கன்றின் எச்சில் வெயில் பட்டு மினுங்கியது. அது காய ஆரம்பிக்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.