மிச்சப் பணத்து நாற்காலிகள்

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, அதே வாரத்தில் நாற்காலி வாங்குவார்கள். இதைக் கேட்பவர்கள் முதலில் டெல்லா ஆண்ட்டியைத்தான் திட்டுவார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

டெல்லா ஆண்ட்டி இந்த அமெரிக்கப் பழங்குடி ஊரின் தலைவி. குபெர்டினோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் காரோட்டினால் வரும் மலையடிவாரம் இது. நான் ஃபெமினா, நாகர்கோவில்காரி, இங்குள்ள கிளினிக்கில் நர்ஸ். வாரத்தில் நான்கு நாள் இங்கே, மற்ற நாள் குபெர்டினோவில் வீடு. வந்த புதிதில் நம் பழக்கத்தில் அவரை ஆண்ட்டி என்று கூப்பிட்டுவிட்டேன். அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இங்கேயும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அரசாங்கம் தரும் பணம் ஒவ்வொன்றும் தனித்தனி உண்டியல் மாதிரி. நர்ஸ் சம்பளப் பணம் செப்டம்பரோடு தீரும். அடுத்த வருடத்துப் பணம் வந்து, என்னைத் திரும்பக் கூப்பிடுவதற்குள் நவம்பர் பிறந்துவிடும். மேசை நாற்காலிக்கான பணத்திலோ எப்போதும் மிச்சம் இருக்கும். அதைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த வருடம் குறைத்தும் விடுவார்கள். அதனால் நாற்காலி. ஊர்க்கூடத்தில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அக்டோபரில்தான் ஃப்ளூ ஊசி போட வேண்டும். நான் இல்லாததால் பாதிப் பேர் போட்டுக்கொள்வதே இல்லை. போன குளிர்காலத்தில் வால்டர் என்ற பெரியவர் நிமோனியாவில் படுத்து, பிழைத்ததே பெரிய காரியம். எத்தனை வருடம்தான் இதைப் பார்ப்பது? இந்த முறை சான் ஹோஸேயில் ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும். என் கணவர் ஜெரிஷ் காரோடு வந்து, பெட்டிகளையும் ஏற்றிவிட்டார்.

அன்றைக்கென்று அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து ஊர்க்கூடத்தில் பேசினார். இனிமேல் ஐந்து வருடத்துக்கு ஒரே ஒப்பந்தம், பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஊரே முடிவு செய்யலாம், மிச்சமானால் அதுவும் ஊருக்கே என்றார். டெல்லா ஆண்ட்டி வருடக்கணக்கில் அலைந்து, சண்டை போட்டு வாங்கியது அது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“அப்படியானால் நாற்காலி வாங்க வேண்டாமா?”

“உங்கள் விருப்பம்,” என்றார் அதிகாரி.

“வாங்காவிட்டால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டீர்களே?”

“மாட்டோம்.”

கூடம் சிரித்து ஓய்ந்தது. நர்ஸ் வேலை இனிப் பன்னிரண்டு மாதமும் இருக்கும் என்று ஊர்ச்சபையினர் அங்கேயே கைதூக்கி முடிவு செய்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை, இருந்துவிடேன் என்று கெஞ்சவுமில்லை. வேலையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். அதில்தான் நான் விழுந்தேன்.

வெளியே வந்து ஜெரிஷிடம், “டிக்கியைத் தொறங்க,” என்றேன்.

“எதுக்கு? எல்லாம் லோட் பண்ணியாச்சே.”

“அன்லோட் பண்ணணும்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அந்த ஆஃபர்ல பெனிஃபிட்ஸ் எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொன்னே?”

“இருக்கு. வால்டருக்கு யாரு ஊசி போடுவா?”

“அப்போ அக்டோபர்ல எனக்கு மீன் குழம்பு?”

“தேங்கா ஃப்ரீசர்ல இருக்கு. நீங்களே வைங்க.”

முணுமுணுத்துக்கொண்டேதான் இறக்கினார். ஆனால் கனமான பெட்டியை என்னைத் தொடவிடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்டோபரில் ஊர்க்கூடத்திலேயே ஊசி போட்டோம். குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். வால்டர்தான் முதல் ஆள். சட்டைக் கையை வீட்டிலேயே மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார். அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளையெல்லாம் இறக்கிப் போட்டும் பின்னால் பலர் நின்றுகொண்டிருந்தார்கள்.

டெல்லா ஆண்ட்டி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

“இன்னும் கொஞ்சம் நாற்காலி வாங்கியிருக்கலாம்,” என்றார்.